கப்பலுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு

ஆலங்காயம்
6 பிப்ரவரி 2022

வெண்ணிலாவுக்கு,

அண்ணன் பார்த்திபன் எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். சிங்கப்பூரில் நலமில்லாமல் போக என்ன இருக்கிறது?

அம்மாவின் காரியத்தன்று, சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், இனி உன்னோடு எனக்குப் பேச்சு கிடையாது என்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. பேச மாட்டேன் என்றுதான் சொன்னேனே தவிர, எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. எனவே இந்தக் கடிதத்தைக் கண்டதும் அண்ணன் இறங்கி வந்துவிட்டான் என்று நினைக்காதே. இது வேலை விஷயம்.

நீ மறந்திருக்கக்கூடும், நான் மறக்கவில்லை. அம்மா போன அன்று, அவள் வாசலில் கிடந்தாள். நீ வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு போனில், "தேர்ட்டி ஃபைவ்... நோ, ஃபார்ட்டி" என்று விலை பேசிக்கொண்டிருந்தாய். பறை அடித்தவர்கள்கூட உனக்காகக் கொஞ்சம் நிறுத்தினார்கள். பத்து வருடம் அம்மாவுக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தவன் நான். ஊர் இன்றும் பேசுவது உன் டாலரைத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுப் பெண்கள் சங்கத்தின் பலாச்சுளை உலர்த்தும் கூடம் நம் ஊர் அடிவாரத்தில் இருக்கிறது. எம்.ஏ. பொருளாதாரத்தில் முதல் வகுப்பு வாங்கியவனுக்குக் கல்லூரியில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் இந்தக் கூடத்தின் மேலாளர் நாற்காலி கிடைத்தது. அந்தக் கல்லூரி நேர்காணலில் உட்கார்ந்திருந்த நான்கு பேரின் முகமும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதை இப்போது விடு.

இதுவரை விறகு. புகை வாடை சுளையில் ஏறிவிடுகிறது. சென்னைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். இப்போது ஒரு கம்பெனி துறைமுகத்திலிருந்து லாரியில் இயற்கை எரிவாயு கொண்டுவந்து தருகிறோம் என்கிறது. விலை எப்படி என்று கேட்டால், அவர்கள் அனுப்பிய பையன், "வெளிநாட்டு மார்க்கெட்டப் பொறுத்துங்க சார்" என்கிறான். எந்த வெளிநாடு என்றேன். விழித்தான்.

நானே தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஐந்து டாலர் விற்பது ஐரோப்பாவில் இருபத்தைந்தைத் தாண்டி நிற்கிறது. ஜப்பான் பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். அதே வாயு, அதே நாள். தங்கம் எங்கே வாங்கினாலும் கிட்டத்தட்ட ஒரே விலைதானே? கச்சா எண்ணெயும் அப்படித்தானே? இதற்கு மட்டும் ஏன் இந்தப் பேதம்? நான் படித்த காலத்தில் இது பாடத்தில் இல்லை. கப்பல் கப்பலாக இதை விற்கும் ஆபீசில் இருக்கும் உனக்குத் தெரிந்திருக்கும். எழுது. போன் அடிக்காதே.

பார்த்திபன்


சிங்கப்பூர்
19 பிப்ரவரி 2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் ஆபீசிலேயே கண் கலங்கிவிட்டது. இதைச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் உன் தலைக்கு மேலே மலையிலேயே இருக்கிறது. பலாக் காலத்தில் புதூர்நாட்டில் பழத்துக்கு என்ன விலை? மரத்தடியில் விழுந்தால் ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. அதே பழம் ஆலங்காயம் சந்தையில் ஒரு விலை, வேலூரில் அதைவிட மூன்று மடங்கு. நடுவில் இருப்பது என்ன? பழம் ஏற்றி இறக்கும் சேட்டு அண்ணனின் ஜீப். மழையில் பாதை சரிந்தால் மேலே பழம் அழுகும், கீழே விலை ஏறும்.

அமெரிக்கா எங்களுக்குப் புதூர்நாடு மாதிரி. வாயு கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அதைத் தங்கம்போலப் பையில் போட முடியாது, எண்ணெய்போலப் பீப்பாயில் ஊற்றவும் முடியாது. ஒன்று, குழாய் வேண்டும். இல்லையென்றால் கடும் குளிரில் திரவமாக்கி, அதற்கென்றே கட்டிய கப்பலில் ஏற்ற வேண்டும். திரவமாக்கும் ஆலைகள் கொஞ்சம். அவை நிரம்பிவிட்டால், அதற்குமேல் மேட்டு விலையும் பள்ளத்து விலையும் ஒன்றையொன்று பார்க்காது. ஐரோப்பா குளிருக்குப் பயந்து ஏலத்தை ஏற்றுகிறது. ஜப்பானும் கொரியாவும் விட்டுக்கொடுப்பதில்லை. நம் நாடு நடுவில் நின்று, கட்டுப்படியானால் வாங்குகிறது, இல்லையென்றால் நிலக்கரிக்குப் போகிறது.

ஒன்று தெரிந்துகொள். சேட்டு அண்ணன் ஆலங்காயத்துக்கு என்று ஏற்றிய பழத்தை, பாதி வழியில் போன் வந்தால் ஒடுகத்தூருக்குத் திருப்புவாரே, கப்பலும் அப்படித் திரும்பும். நடுக்கடலில்.

விசாரித்தேன், உன் லாரிக் கம்பெனி வாயு வாங்கும் பெரிய நிறுவனத்துக்கு மாதம் ஒரு கப்பல் அனுப்புவது எங்கள் ஆபீஸ்தான். பழைய ஒப்பந்தம், விலை குறைவு. அந்தப் பங்கில் உனக்குத் தருகிறார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு.

அம்மாவின் காரியத்தன்று நடந்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. நேரில் கேள், சொல்கிறேன்.

உன் தங்கை
வெண்ணிலா


ஆலங்காயம்
10 ஏப்ரல் 2022

வெண்ணிலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. விளக்கம் தெளிவாக இருந்தது. கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்தியவர்கள் யாரும் இப்படி நடத்தவில்லை. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்களைப் பற்றிய என் அபிப்பிராயம் அது.

நீ சொன்னபடி கேட்டேன். பழைய ஒப்பந்தப் பங்கில்தான் தருகிறார்கள். எழுதி வாங்கிவிட்டேன். இதற்குள் ஐரோப்பாவில் போர் மூண்டு விலை எங்கேயோ போய்விட்டது என்று படிக்கிறேன். நம் லாரி மட்டும் அதே விலையில் வந்து நிற்கிறது. ஊர்த் தலைவர் ராஜாக்கண்ணு, "பார்த்திபன் கெட்டிக்காரன்யா" என்று டீக்கடையில் சொன்னாராம். திருவிழா நோட்டீசில் என் பெயரை எம்.ஏ. இல்லாமல் அச்சடித்தவர் அவர். பதின்மூன்று வருடம் கழித்துக் கண் திறந்திருக்கிறது.

பர்னரைப் பற்ற வைத்த அன்று பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நீலமாக, சத்தமில்லாமல், சங்குப் பூ வரிசைபோல எரிந்தது. குப்பம்மாள் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, நெருப்புன்ற, பொகையே காணோம்! ஏமாத்திட்டானுங்களா?" என்றாள். நான் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள்.

அவளை உனக்குத் தெரியும். அம்மா சந்தையில் விற்கப் பழம் எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் வீட்டில்தான் நீர்மோர் குடிப்பாள். பிஞ்சு விடும்போதே மரத்தை விலை பேசி, வாங்குகிறவன் தன் கையால் அடிமரத்தில் சுண்ணாம்புக் கோடு இழுக்கும் பழக்கம் அவர்களிடம் இன்னும் இருக்கிறது. கோடு விழுந்துவிட்டால் மரம் அவனுடையது. சொந்தக்காரன் குழந்தை அழுதாலும் அந்த மரத்தில் ஒரு சுளை பறிக்க மாட்டார்கள். கீழே விலை எவ்வளவு ஏறினாலும் அப்படித்தான். பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் இதைவிட முட்டாள்தனம் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் மாசி முழுக்கச் சுண்ணாம்புச் சட்டியோடு ஏறி இறங்கி, குப்பம்மாள் முதல் கடைசி வீடு வரை கோடு போட்டுவிட்டு வந்தேன்.

பழம் வைகாசி பிறந்தால் பழுக்க ஆரம்பித்துவிடும். லாரி தவறாமல் வந்தால் இந்தக் கூடம் நிற்கும். நானும் நிற்பேன். உங்கள் கப்பல் வருமா? அதை மட்டும் எழுது.

பார்த்திபன்


சிங்கப்பூர்
3 ஜூன் 2022

அண்ணா,

நேற்றும் இன்றும் உனக்குப் போன் அடித்தேன். மணி போகிறது, நீ எடுக்கவில்லை; அனுப்பிய செய்தியையும் திறக்கவில்லை. சேட்டு அண்ணனுக்கு அடித்தேன். மலையில் இருக்கிறார்போல, கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இது உன்னிடம் வருவதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இந்த மாதக் கப்பல் இந்தியாவுக்கு வராது. அடுத்த மாதமும் சந்தேகம். ஐரோப்பாவில் நம் ஒப்பந்த விலையைப்போல மூன்று மடங்கு தருகிறார்கள். கப்பலைத் திருப்பினால் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கட்டிய பிறகும் கொள்ளை லாபம். மேலே முடிவு செய்துவிட்டார்கள். வேண்டாம் என்று கூட்டத்தில் ஒரு முறை சொன்னேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கப்பலுக்குத் தகவல் கொடுத்தது நான்தான். அது என் வேலை. வேறு யாரோ என்று எழுதியிருக்கலாம், உன்னிடம் அப்படி எழுத மனம் வரவில்லை.

லாரி நிற்பதற்குள் பழத்துக்கு வேறு வழி பார்.

வெண்ணிலா


ஆலங்காயம்
26 ஜூன் 2022

வெண்ணிலாவுக்கு,

லாரி நின்ற பிறகுதான் உன் கடிதம் வந்தது. கம்பெனியிலிருந்து ஒரு வரிச் செய்தி, அவ்வளவுதான். உலர்த்தும் கூடம் இருட்டிக் கிடக்கிறது. விறகு அடுப்பைப் பர்னர் வைக்கும்போதே இடித்துவிட்டோம். என் யோசனைதான் அது.

உன் போனை எடுத்திருந்தால் பழம் வீணாவதற்கு முன்பே மாற்று ஏற்பாடு செய்திருக்கலாம். சேட்டு நேற்று முகத்துக்கு நேரே கேட்டான். "நீயும் உன் சபதமும்! கடல் தாண்டி ஒரு பொண்ணு கூப்புடுது, எடுத்து இன்னான்னு கேட்டா வாய் தேஞ்சிடுமாண்ணா?"  அதற்குப் பதிலை இந்தக் கடிதத்தில் தேடாதே.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பெங்களூர் வியாபாரி ஒருவன் வண்டியோடு புதூர்நாட்டுக்கே ஏறி வந்து, நான் பேசியதைப்போல இரண்டு மடங்கு தருகிறேன் என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறான். ஒருத்தியும் கொடுக்கவில்லை. மரத்திலேயே பழுத்து, அணில் தின்று, வாடை ஊர் முழுக்க அடிக்கிறது. விஷயம் தெரிந்து சேட்டு ஜீப்பில் ஓடினேன். ஏம்மா கொடுக்கவில்லை என்று குப்பம்மாளிடம் கத்தினேன்.

"கோடு உன்னுது தம்பி. நீ வராம நாங்க எப்படிக் கை வெப்போம்?"

"எனக்குத்தான் கேஸ் வரலியே! நான் வாங்க மாட்டேன்னு தெரிஞ்சி போச்சில்ல?"

"அத்த நீ வந்து சொல்லணும். அவன் சொல்லி நாங்க கேக்கறதா? கோட்ட அழிச்சி வுடு, குடுத்துடறோம்."

அழித்தேன். நார் உருண்டையைத் தண்ணீரில் நனைத்து, மரம் மரமாகத் தேய்த்தேன். முதல் வகுப்பு எம்.ஏ., சட்டையெல்லாம் பால் பிசின். மூன்றாவது மரத்தில் கை நின்றுவிட்டது. பெங்களூர்க்காரன் ஓரமாக நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவனும் காத்திருந்தான். கோடு இருக்கும்வரை அவனும் மரத்தைத் தொடவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும், அழித்து முடித்ததும், இருப்பதில் நல்ல பழமாக ஒன்றைப் பறித்து என் கையில் கொடுத்தார்கள். எதற்கு என்றேன். "கோட்ட அழிக்கறவன வெறுங்கையோட அனுப்பக் கூடாது. வுட்டுக் குடுக்கறான் இல்ல?" என்றாள் குப்பம்மாள். திரும்பி வரும்போது ஜீப்பில் கால் வைக்க இடமில்லை. "யாவாரம் படுத்துடுச்சின்னு அழுவுற, வண்டி நெறையப் பழம் ஏத்தினு வர்ற! இன்னா கணக்குண்ணா இது?" என்று சேட்டு வழியெல்லாம் சிரித்தான்.

முட்டாள்தனம் என்று உனக்கு எழுதியிருந்தேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு சுத்தமான வியாபாரத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

உங்கள் ஆட்கள் வாங்கியவனைக் கேட்டார்களா? கோட்டை அழித்துக் கொடு என்று ஒரு வார்த்தை? நஷ்டஈட்டை விட்டெறிந்துவிட்டு மரத்தில் ஏறிவிட்டீர்கள். கப்பல் நிறைய சரக்கு, கண்ணாடிக் கட்டடம், கம்ப்யூட்டர் வரிசை எல்லாம் இருந்தும் குப்பம்மாள் வாசலில் நிற்கும் யோக்கியதை உங்களுக்கு இல்லை.

உண்மையை மறைக்காமல் எழுதினாய். அதற்கு மட்டும் நன்றி. இனி எழுதவும் வேண்டாம்.

பார்த்திபன்


சிங்கப்பூர்
16 அக்டோபர் 2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நான் உன் தங்கை, நீ சொன்னதை எப்போது கேட்டிருக்கிறேன்?

உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருந்தேன். செப்டம்பர்க் கப்பலையும் திருப்பலாம் என்று பேச்சு வந்தபோது, எழுந்து நின்று புதூர்நாட்டுக் கதையைச் சொன்னேன். சுண்ணாம்பு, நார் உருண்டை, ஜீப் நிறையப் பழம், எல்லாம். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் பலாப்பழம் எப்படி இருக்கும் என்று படம் தேடினார். நான் உட்காரவில்லை. வாங்குகிறவரையே கேட்போம் என்றேன். இப்போது விட்டுக்கொடுங்கள், ஐரோப்பாவில் வரும் அதிக லாபத்தில் உங்களுக்கும் பங்கு தருகிறோம், அடுத்த சித்திரைக்குள் அதே பழைய விலையில் ஒரு கப்பல் வாயு திருப்பித் தருகிறோம் என்று கேட்போம். நஷ்டஈட்டைவிட இதற்குச் செலவு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அடுத்த பத்து வருடம் அவர்கள் நம் போனை எடுப்பார்கள் என்றேன்.

அண்ணா, கேட்டோம். ஒரே நாளில் சரி என்றார்கள். அவர்களுக்கும் இப்போதைக்கு நிலக்கரி இருந்தது, வாயு சித்திரையில்தான் தேவை. இதுவரை யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எழுத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. திருப்பித் தரும் அந்த வாயுவில் உன் லாரிக் கம்பெனிக்கும் பங்கு உண்டு, விசாரித்துவிட்டேன். ஜூனில் போன கப்பல் போனதுதான். அதை என்னால் திருப்ப முடியவில்லை.

யோசனை என் மேலதிகாரியுடையது என்று ஆபீசில் பதிவாகியிருக்கிறது. பரவாயில்லை. நல்ல மனிதர்தான்.

உன் தங்கை
வெண்ணிலா


ஆலங்காயம்
2 நவம்பர் 2022

வெண்ணிலாவுக்கு,

அந்த மேலதிகாரியின் பெயரை எழுதி அனுப்பு. நீ மறந்துவிடுவாய். யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மாசியில் கோடு போட மலைக்குப் போகலாமா, கூடாதா? உன் வார்த்தையை நம்பித்தான் போக வேண்டும். குப்பம்மாளிடம் இரண்டாவது முறை நார் உருண்டையோடு போய் நிற்க என்னால் முடியாது.

பார்த்திபன்


சிங்கப்பூர்
15 நவம்பர் 2022

அண்ணா,

போடு.

வெண்ணிலா


ஆலங்காயம்
11 ஜூன் 2023

அன்புள்ள வெண்ணிலாவுக்கு,

இரவும் பகலும் பர்னர் எரிகிறது. சித்திரை கடைசியில் லாரி வந்தது, வந்துகொண்டே இருக்கிறது. புகை வாடையில்லாத சுளை, வெயிலில் பிடித்தால் தேன் நிறம். சென்னைக் கடைக்காரர்கள் மேலும் மேலும் கேட்கிறார்கள். போட்ட கோடு ஒன்றைக்கூட இந்த வருடம் அழிக்கவில்லை.

பழம் எடுக்கப் போன அன்று, உன் சங்கதியைக் குப்பம்மாளிடம் சொன்னேன். கப்பல், ஐரோப்பா, பங்கு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவ்ளோ பெரிய கப்பலுக்கு எங்க தம்பி கோடு போட்டுது அந்தப் பொண்ணு?" என்றாள். வாயாலேயே போட்டாள் என்றேன். "முத்தம்மா பொண்ணாச்சே!" என்றாள். அம்மாவின் பெயரை அவள் சொன்ன விதத்தில் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ராஜாக்கண்ணு இப்போது, சங்கத்துக்கு கேஸ் கொண்டுவந்ததே தன் யோசனை என்று சொல்லிக்கொள்கிறார். நீ எழுதி அனுப்பாத உன் மேலதிகாரியின் பெயருக்கு இடம் விட்டு, அதற்குக் கீழே அவர் பெயரை மனதில் எழுதிக்கொண்டேன். நீ இதையெல்லாம் எப்படிச் சிரித்துக்கொண்டே கடந்துபோகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. அது எனக்கு வராது. வராததால்தான் இவ்வளவு உரக்கப் பாராட்டத் தோன்றுகிறது. நம் வீட்டில் நன்றாகப் படித்தவன் நான். பெரிய வேலை செய்தவள் நீ. ஆபீசுக்குள் புதூர்நாட்டைத் தூக்கிக்கொண்டு போய் வைத்து, உட்காராமல் நின்றாயே, அந்தக் கல்லூரி நேர்காணல் அறையில் நான் நிற்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பத்திரிகையில் பார்த்தேன். ஐரோப்பாவில் இருந்த அந்த ஆட்டமெல்லாம் அடங்கி, பத்து டாலருக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் இரண்டு. அம்மா போன அன்று நீ வேப்பமரத்தடியில் சொன்ன முப்பத்தைந்தும் நாற்பதும் இன்று யாருக்கும் நினைவில்லை, என்னைத் தவிர.

ஆனால் ஒன்று யோசித்தேன். அம்மா சாகும்வரை, சேட்டு ஜீப் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும், படுத்த இடத்திலிருந்தே என்ன கேட்பாள்? "சேட்டு, இன்னிக்கி கீழ இன்னா வெல போவுது?" பழம் விற்பதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆன பிறகும் கேட்டாள். வாசலில் கிடந்தபோது அவள் தலைமாட்டில் விலை பேசியவள் நீ ஒருத்திதான். எல்லோரும் ஒப்பாரி வைத்தோம். அவளுக்குப் பிடித்தது காதில் விழுந்திருக்குமானால், அது எங்கள் ஒப்பாரியாக இருந்திருக்காது.

நான் கொடுத்த வாக்கு சொந்தக்காரர்கள் முன்னால் கொடுத்தது. கோடு போட்டவன்தான் அழிக்க வேண்டும். நேற்று சேட்டு, ராஜாக்கண்ணு, இருக்கிற பங்காளிகள் எல்லோரையும் கூடத்துக்கு வரச்சொல்லி, "தங்கச்சிக்கிட்ட பேசப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். "இத்த சொல்லவா வேலய வுட்டுட்டு வரச் சொன்ன?" என்று ஒருவர் திட்டினார். சேட்டு மட்டும் இருப்பதில் நல்ல பழத்தை எடுத்து என் மடியில் வைத்தான்.

இந்தக் கடிதம் உன்னிடம் வர இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் எல்லா விலையும் மாறியிருக்கும். நாளைக் காலை இதைத் தபாலில் போட்டுவிட்டு, அஞ்சல் நிலைய வாசலில் நின்று உனக்குப் போன் அடிக்கப் போகிறேன். எடு. முதலில் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னிக்கி இன்னா வெல போவுது என்று கேட்பேன். நீ சொல்லு.

உன் அண்ணன்
பார்த்திபன்